இரண்டு டிரான்ஸ்ஃபர் தோல்வி: கருப்பைக் கிருமிச் சோதனை எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா?

#1 மதுரை_மல்லி | திங்கள், இரவு 10:40

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், எழுதுவது இதுதான் முதல் முறை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34, அவருக்கு 38. கல்யாணமாகி 7 வருடம். கருக்குழாய் இரண்டும் திறந்திருக்கின்றன. அவருக்கு அணுக்கள் எண்ணிக்கை கொஞ்சம் குறைவு என்பதால் ஒரு விந்தணுவை நேராக முட்டைக்குள் செலுத்தும் இக்ஸி செய்தார்கள். போன வருடம் 11 முட்டை எடுத்ததில் ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை 4. அதில் இரண்டை ஒவ்வொன்றாக ஃப்ரோசன் டிரான்ஸ்ஃபரில், அதாவது உறைய வைத்திருந்த கருவை எடுத்துக் கருப்பைக்குள், வைத்தார்கள். இரண்டு தடவையும் பீட்டா (கர்ப்பத்துக்கான ரத்தச் சோதனை) 2-க்குக் கீழே. கருப்பையின் உள் லைனிங் 9 மில்லிமீட்டர், ஸ்கேன் பார்த்தவரே "ரொம்ப அழகா வந்திருக்கும்மா" என்றார். அப்புறமும் ஒட்டவில்லை.

மூன்றாவதற்கு முன்னால் கருப்பையிலிருந்து துளி சதை எடுத்து அதில் என்னென்ன பாக்டீரியா எத்தனை சதவீதம் இருக்கிறது என்று பார்க்கும் சோதனை ஒன்று எடுக்கலாம் என்கிறார்கள். 30,000 ரூபாய்க்கு மேல் ஆகும். "லாக்டோபேசிலஸ் 90 சதவீதத்துக்குக் கீழே போனால் கரு ஒட்டாது" என்று கவுன்சிலிங் செய்த பெண் சொன்னார். டாக்டரைக் கேட்டால் "எடுத்தா நல்லது, கட்டாயம் இல்ல" என்கிறார். இந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? வளையல் ஏற்கெனவே அடகில் இருக்கிறது.

இன்னொன்று. ஒரு வருடமாக எனக்கு வெள்ளைப்படுகிறது. தண்ணியாக, சாம்பல் நிறமாக. அவரோடு சேர்ந்த மறுநாள் ஒரு வாடை வரும். இதை இதுவரை டாக்டரிடம் சொன்னதில்லை, கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இதற்கும் அதற்கும் சம்பந்தம் இருக்குமா?

#2 கோவை_நந்தினி | திங்கள், இரவு 11:15

மல்லி, எடுத்துவிடுங்கள். நான் 2022-இல் எடுத்தேன். 62 சதவீதம் என்று வந்தது. 7 நாள் ஆன்டிபயாடிக், அப்புறம் ஒரு மாதம் உள்ளே வைக்கும் புரோபயாடிக் மாத்திரை. அடுத்த டிரான்ஸ்ஃபரிலேயே பாசிடிவ். பையனுக்கு இப்போது ஒன்றரை வயது, இதை டைப் செய்யும்போது போனைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறான். இன்னொரு டிரான்ஸ்ஃபர் வீணாகப் போனால் எவ்வளவு செலவு, அதை யோசியுங்கள்.

#3 திவ்யா_சேலம் | திங்கள், இரவு 11:52

நானும் எடுத்தேன். 97 சதவீதம். எல்லாம் பச்சைக் கட்டம். டிரான்ஸ்ஃபர் தோல்வி. அவ்வளவுதான் என் கதை.

#4 லேப்காரி | செவ்வாய், காலை 6:20

நான் டாக்டர் இல்லை. நுண்ணுயிரியல் படித்துவிட்டு 11 வருடமாக ஒரு பரிசோதனைக்கூடத்தில் ஸ்லைடு பார்க்கிறேன். மல்லி கேட்டது நல்ல கேள்வி. நந்தினியின் பதிலும் திவ்யாவின் பதிலும் சேர்ந்தால்தான் இதன் முழுப் படம்.

முதலில், இந்த லாக்டோபேசிலஸ் எதற்கு? வீட்டில் உறை ஊற்றுவதை நினைத்துப் பாருங்கள். பாலில் ஒரு கரண்டி மோர் விட்டதும் அந்த பாக்டீரியா பெருகிப் புளிப்பு ஏற்றுகிறது. அந்தப் புளிப்பில் மற்ற கிருமிகள் தலையெடுக்க முடியாது, அதனால்தான் பாலைவிடத் தயிர் தாங்குகிறது. பிறப்புறுப்பின் உட்சுவரிலும் கிட்டத்தட்ட அதே வேலைதான் நடக்கிறது. ஈஸ்ட்ரோஜன் அங்கே கிளைகோஜன் என்ற மாவுப்பொருளைச் சேர்த்து வைக்கிறது. அது உடைந்து இந்த பாக்டீரியாவுக்குத் தீனி ஆகிறது. அது லாக்டிக் அமிலமாக்கி பிஎச்சை (புளிப்பின் அளவு, எண் குறைந்தால் புளிப்பு அதிகம்) 4.5-க்குக் கீழே பிடித்து வைக்கிறது. 1892-இலேயே டோடர்லைன் என்ற ஜெர்மன் மகப்பேறு மருத்துவர் இதை எழுதிவிட்டார். புதிதாக வந்தது டிஎன்ஏவைப் படித்து யார் யார் இருக்கிறார்கள் என்று ஆள் கணக்கு எடுக்கும் வசதிதான்.

2011-இல் அமெரிக்காவில் எந்த அறிகுறியும் இல்லாத 396 பெண்களிடம் இந்தக் கணக்கை எடுத்தார்கள். ஐந்து வகையாகப் பிரிந்தது. நான்கு வகையில் ஏதாவது ஒரு லாக்டோபேசிலஸ் ஆட்சி: கிறிஸ்பேட்டஸ், காசெரி, இனர்ஸ், ஜென்சினி. ஐந்தாவதில் யாருக்கும் தனி ஆட்சி இல்லை, கார்ட்னரெல்லா, பிரிவோடெல்லா என்று பலதும் கலந்து கிடக்கும். அப்படிக் கலந்து கிடந்தவர்கள் 27 சதவீதம். திரும்பவும் சொல்கிறேன், அவர்கள் தொந்தரவு எதுவும் சொல்லாத பெண்கள்.

மல்லி சொன்ன அந்த 90 சதவீதம் வந்தது ஸ்பெயினிலிருந்து, 2016-இல். ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறை) செய்துகொண்ட 35 பெண்களின் கருப்பைத் திரவத்தைப் பார்த்தார்கள். லாக்டோபேசிலஸ் 90-க்கு மேலே இருந்தவர்களில் 58.8 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. கீழே இருந்தவர்களில் 6.7 சதவீதம்தான். உலகம் முழுக்க இந்தச் சோதனை விற்பதற்கு அஸ்திவாரம் இந்த இரண்டு எண்கள்.

#5 பாஸ்கர்_எஸ் | செவ்வாய், காலை 8:05

58-க்கும் 6-க்கும் இவ்வளவு வித்தியாசம் இருக்கிறதே, வேறென்ன நிரூபணம் வேண்டும்? 30,000 கொடுப்பது தப்பில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நானும் மனைவியும் இதே வரிசையில்தான் நிற்கிறோம்.

#6 லேப்காரி | செவ்வாய், மதியம் 1:30

பாஸ்கர் சார், சதவீதத்தை ஆள் எண்ணிக்கையாக மாற்றிப் பாருங்கள். 58.8 என்றால் 17 பேரில் 10. 6.7 என்றால் 15 பேரில் 1. அந்த 35-இல் இந்தக் கணக்கில் வந்தது 32 பேர்தான். நாலு பேருக்கு முடிவு மாறியிருந்தால் அந்தப் பள்ளம் பாதி தூர்ந்திருக்கும். அந்த ஆய்வில் பெயர் உள்ள சிலர் இதே சோதனையை விற்கும் நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள். அதனால் அது பொய் என்று சொல்ல வரவில்லை, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படிக்க வேண்டும் என்கிறேன்.

எனக்கு இதைவிடப் பெரிய உறுத்தல் சாம்பிள் எடுக்கும் விதத்தில். கருப்பைக்குள் இருக்கும் பாக்டீரியா பிறப்புறுப்பில் இருப்பதைவிட நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை குறைவு. அந்தச் சின்னக் குழாய் பிறப்புறுப்பைத் தாண்டி, கருப்பை வாயைத் தாண்டித்தான் உள்ளே போகிறது. சந்தைக்குள் நடந்து போய் ஆளில்லாத வீட்டின் தரையைத் துடைத்துவிட்டு, துணியில் இருக்கும் மண் வீட்டு மண்தான் என்று சொல்வது மாதிரி. துளி சாம்பிள் என்றால் இன்னொரு தொல்லை: டிஎன்ஏ பிரிக்கப் பயன்படுத்தும் கெமிக்கல் பாட்டிலிலேயே பாக்டீரியா டிஎன்ஏ கொஞ்சம் இருக்கும். சாம்பிளில் அதிகம் இருந்தால் அது தெரியாது. ஒன்றுமே இல்லாத சாம்பிளில் அதுதான் முதல் ஆளாக நிற்கும். நஞ்சுக்கொடியிலும் பாக்டீரியா கூட்டம் வாழ்கிறது என்று சில வருடம் பெரிய பேச்சாக இருந்தது. 2019-இல் கேம்பிரிட்ஜில் 537 பெண்களின் நஞ்சுக்கொடியைக் கவனமாகப் பார்த்தபோது, தென்பட்டதில் பெரும்பாலானது பிரசவ நேரத்தில் ஒட்டியது அல்லது அந்த டிஎன்ஏ பிரிக்கும் கெமிக்கல் கிட்டிலிருந்து வந்தது என்று தெரிந்தது.

அப்புறம் திவ்யாவின் 97 பற்றி. திவ்யா, ரிப்போர்ட்டில் எந்த லாக்டோபேசிலஸ் என்று பிரித்துப் போட்டிருக்கிறதா?

#7 திவ்யா_சேலம் | செவ்வாய், மதியம் 2:10

பார்த்தேன். இனர்ஸ் 94. மிச்சம் கிறிஸ்பேட்டஸ். ஏன், அது கெட்டதா?

#8 லேப்காரி | செவ்வாய், மாலை 5:45

கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இனர்ஸ் குடும்பப் பெயர் மட்டும் லாக்டோபேசிலஸ், குணம் கொஞ்சம் வேறு. கிறிஸ்பேட்டஸ் தயாரிக்கும் டி-வகை லாக்டிக் அமிலத்தை இது தயாரிப்பதில்லை. செல்லைத் துளைக்கும் ஒரு புரதம்கூட வைத்திருக்கிறது. நல்ல காலத்திலும் இருக்கும், கெட்ட காலத்திலும் இருக்கும், ஆட்சி மாறினாலும் பதவியில் இருக்கும் அதிகாரி மாதிரி. குடும்பப் பெயரை மட்டும் பார்த்துக் கூட்டி 97 என்று பச்சைக் கட்டம் போட்டால் இந்த வித்தியாசம் அதற்குள் மறைந்துவிடும்.

சரி, கிறிஸ்பேட்டஸ் நிறைய இருந்தால் போதுமா என்றால் அதுவும் நேர்கோடாக இல்லை. 2019-இல் நெதர்லாந்தில் 192 பெண்களைப் பார்த்த ஆய்வில், கிறிஸ்பேட்டஸ் 60 சதவீதத்தைத் தாண்டியவர்களுக்குக் கர்ப்பமாகும் வாய்ப்பு கூடவில்லை, குறைவாகத்தான் இருந்தது. நம் 97-ஐயும் 62-ஐயும் பத்தாம் வகுப்பு மார்க் மாதிரி படிக்க முடியாது.

#9 வதனி_டென்மார்க் | செவ்வாய், இரவு 11:30

வணக்கம். நான் யாழ்ப்பாணத்து ஆள், 20 வருசத்துக்கு மேல டென்மார்க்கில் இருக்கிறேன், மருத்துவமனையில் தாதி. இந்த விசயம் எங்கட நாட்டிலதான் பெரிசாக ஆராயப்பட்டது என்பதால் எழுதாமல் இருக்க ஏலவில்லை.

2016-இல் இங்கே ஒரு குழு ஐவிஎஃப் செய்த 84 பேரைப் பார்த்தது. மொத்தத்தில் 35 சதவீதம் பேருக்குக் கரு தங்கியது. பிறப்புறுப்பில் கார்ட்னரெல்லா, அட்டோபோபியம் என்ற இரண்டும் மிதமிஞ்சி இருந்தவர்கள் 22 பேர், அதில் கரு தங்கியது வெறும் 2 பேருக்கு, 9 சதவீதம். எல்லாரும் ஓம், இதுதான் காரணம், மருந்து குடுத்தால் சரி என்று கதைத்தார்கள்.

அதே ஆட்கள் அதோடு விடவில்லை, அதுதான் எனக்குப் பிடித்தது. அப்படிக் கிருமி நிலை குழம்பிய 338 பெண்களைச் சீட்டுப் போட்டு மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் அதன் பிறகு உயிருள்ள கிறிஸ்பேட்டஸும். இன்னொரு பகுதிக்கு கிளிண்டமைசின் மட்டும். மூன்றாவதுக்கு இரண்டுமே வெறும் போலி மருந்து. யாருக்கு எது என்று வைத்தியருக்கும் தெரியாது, பெண்ணுக்கும் தெரியாது. பிறகு கரு வைத்தார்கள். கரு தங்கியது முறையே 42, 46, 45 சதவீதம்.

போலி மருந்து எடுத்தவர்களுக்கு 45.

#10 பாஸ்கர்_எஸ் | புதன், காலை 7:10

அட. அப்படியானால் 2016-இல் பார்த்தது பொய்யா?

#11 வதனி_டென்மார்க் | புதன், பகல் 12:20

பொய் இல்லை தம்பி. 22 பேர் என்பது சின்ன எண், அது ஒன்று. மற்றது, கிருமி நிலை குழம்பியதும் கரு தங்காததும் ஒரே ஆளிடம் இருந்தால் ஒன்று மற்றதைச் செய்தது என்று ஆகாது. இரண்டுக்கும் பின்னால் வேறு ஏதும் இருக்கலாம். பழைய குழாய்த் தொற்று, புகை, வயது, எத்தனையோ. தோல்வி வந்த ஆளிடம் ஏதாவது ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிறது சுகம். அந்தப் பிழையைத் திருத்தினால் பிள்ளை தங்குமா என்று பார்க்கிறதுதான் கஷ்டம். அதற்கு 338 பேர் வேண்டியிருந்தது.

#12 கோவை_நந்தினி | புதன், மதியம் 3:00

எல்லாம் படித்தேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. அப்போ என் பையன் மருந்தால் வரவில்லையா? அந்த ஒரு மாதம் தினமும் இரவு பத்து மணிக்கு அலாரம் வைத்து மாத்திரை வைத்தேன். அது வீண் என்கிறீர்களா?

#13 முரளி_எம்ப்ரியோ | புதன், இரவு 9:40

நந்தினி மேடம், நான் ஒரு ஐவிஎஃப் ஆய்வகத்தில் கரு வளர்க்கும் வேலையில் இருப்பவன். உங்கள் பையன் எதனால் வந்தான் என்று இந்த உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. மருந்தால் வந்திருக்கலாம். மருந்து இல்லாமலும் வந்திருக்கலாம். 35 வயதுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, பார்க்க நன்றாக இருக்கும் ஐந்தாம் நாள் கருவை வைத்தாலே ஒட்டுவதும் ஒட்டாததும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. கருவின் குரோமோசோம் சரியில்லாததுதான் தோல்விக்கு முதல் காரணம், அதை வெளியிலிருந்து பார்த்து எங்களால் சொல்ல முடியாது. அழகான ஏ கிரேடு கரு உள்ளே காலியாக இருப்பதும், அசட்டையாக இருக்கும் சி கிரேடு பள்ளிக்கூடம் போவதும் நாங்கள் தினம் பார்ப்பது. அதனால் இரண்டு தோல்விக்குப் பிறகு மூன்றாவது ஒட்டினால், நடுவில் எது செய்திருந்தாலும் அதுதான் காரணம் என்று தோன்றும். கோயிலுக்கு விளக்கு போட்டிருந்தால் விளக்கு. மாத்திரை வைத்திருந்தால் மாத்திரை.

இந்த இழையில் பேச்சு கிருமி பற்றி என்பதால் எங்கள் பக்கத்துக் கதை ஒன்று. கரு வளரும் திரவத்தில் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கொஞ்சம் கலந்துதான் வரும். அதையும் மீறி எப்போதாவது கிருமி வந்துவிடும். முந்தின நாள் தெளிவாக இருந்த சொட்டு காலையில் கலங்கலாக, கஞ்சித் தண்ணி மாதிரி இருக்கும். மைக்ரோஸ்கோப்பில் வைத்தால் ஈ.கோலை நெளியும், அல்லது கேண்டிடா மொட்டு விட்டிருக்கும். பெரும்பாலும் விந்து வழியாக வந்தது. அதனால்தான் சாதாரண ஐவிஎஃப் டிஷ்ஷில் இது அதிகம், இக்ஸியில் ரொம்ப அபூர்வம், ஏனென்றால் அங்கே முட்டையைக் கழுவி ஒரே ஒரு அணுவை மட்டும் உள்ளே விடுகிறோம். என் கைக்கு இதுவரை மூன்று முறைதான் வந்திருக்கிறது. மூன்றுமே எனக்கு ஆள் பெயரோடு ஞாபகம் இருக்கிறது.

#14 சரோஜா_அம்மா | வியாழன், காலை 5:50

பிள்ளைகளா, இவ்வளவு பேச்சு எதற்கு. தயிரில் இருப்பதும் இதே நல்ல கிருமிதானே. காலையில் பழைய சோறும் மோரும் குடியுங்கள். எங்கள் பக்கத்தில் கெட்டித் தயிரை அங்கேயும் வைப்பார்கள், ஒரு வாரத்தில் வாடை போகும்.

#15 லேப்காரி | வியாழன், காலை 7:30

அம்மா, பழைய சோறும் மோரும் தாராளமாகக் குடிக்கட்டும், நானும் குடிக்கிறேன். ஆனால் தயவுசெய்து தயிரை உள்ளே வைக்க வேண்டாம். உறை ஊற்றுவதை உதாரணம் சொன்னது நான்தான், அந்தப் பழி என் மேல் வரட்டும். வீட்டுத் தயிரில் இருப்பது லாக்டோகாக்கஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், டெல்புருக்கி வகை. பாலில் வாழப் பழகியவை, அங்கே குடியேறாது. நமக்கு வேண்டிய கிறிஸ்பேட்டஸ் தயிரில் இல்லை. கூடவே வீட்டுக் கிண்ணத்தில் ஈஸ்ட்டும் வேறு என்னென்னவோ இருக்கும்.

மனிதரிடமிருந்து எடுத்த கிறிஸ்பேட்டஸையே வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பாக்டீரியல் வஜைனோசிஸ் (பிறப்புறுப்பில் லாக்டோபேசிலஸ் குறைந்து மற்றவை பெருகும் தொற்று) இருந்த 228 பெண்கள், முதலில் மருந்து கொடுத்து அப்புறம் உயிருள்ள கிறிஸ்பேட்டஸ் பொடி. 12 வாரத்துக்குள் தொற்று திரும்பி வந்தது அவர்களில் 30 சதவீதம் பேருக்கு, போலிப் பொடி வைத்தவர்களில் 45. உதவுகிறது, ஆனால் மூன்றில் ஒருவருக்குத் திரும்பத்தான் வருகிறது. அந்த நாட்டு ஆய்வகம் வளர்த்த கிருமிக்கே அந்தக் கதி என்றால் நம் வீட்டுத் தயிர் எம்மாத்திரம். வாசனை போட்ட வாஷ், டெட்டால் தண்ணி எல்லாமும் அதே கணக்குதான், இருக்கிற ஒன்றிரண்டு நல்லதையும் கழுவிவிடும்.

#16 ரேவதி_தஞ்சை | வியாழன், மதியம் 12:15

நான் சொல்லப்போவது இந்தச் சோதனை பற்றி இல்லை, ஆனால் இதே வீட்டுக்கு இன்னொரு வாசல்.

2014-இல் எனக்குக் கருப்பைச் சதை எடுத்து டிபி பிசிஆர், அதாவது காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ இருக்கிறதா என்ற சோதனை, பார்த்தார்கள். பாசிடிவ். காய்ச்சல் இல்லை, எடை குறையவில்லை, குழாய் திறந்திருந்தது, லேப்ராஸ்கோபியில் எதுவும் இல்லை. இருந்தாலும் 6 மாதம் டிபி மருந்து. முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சாகப் போனதைப் பார்த்துப் பயந்து அம்மாவைக் கூப்பிட்டேன், கண்ணீர்கூட அந்த நிறம்தான். மூன்றாம் மாதம் கல்லீரல் டெஸ்ட் ஏறிப்போய் இரண்டு வாரம் நிறுத்தினார்கள். வேலைக்கு லீவு, மாமியார் வீட்டில் தனித் தட்டு, டம்ளர். பிறகு வேறு ஊரில் ஒரு டாக்டர் பழைய பேப்பரைப் புரட்டிவிட்டு, "செத்த கிருமியோட டிஎன்ஏவுக்குக்கூட பிசிஆர் பாசிடிவ் காட்டும்மா, வேற எதுவுமே இல்லாம இத மட்டும் வச்சு நான் ஆரம்பிச்சிருக்க மாட்டேன்" என்றார்.

நம் நாட்டில் கருக்குழாயை டிபி நிஜமாகவே அடைத்துப் போடுகிறது, அதைப் பார்க்காமல் விடுவதும் தப்பு. என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் இரண்டு குழாயும் போயின. நான் சொல்வது வேறு. ரிப்போர்ட்டில் ஒரு கிருமியின் பெயர் அச்சாகி வந்துவிட்டால், அப்புறம் அதற்கு மருந்து எழுதாமல் இருக்க எந்த டாக்டருக்கும் மனசு வராது, மருந்து எடுக்காமல் இருக்க நமக்கும் தைரியம் வராது. அதனால் சோதனை எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்: இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அதனால் எனக்கு என்ன மாறும் என்று. நான் அன்று கேட்கவில்லை.

#17 மதுரை_மல்லி | வியாழன், இரவு 10:05

ரேவதி அக்கா, உங்கள் பதிவைப் படித்து அழுதுவிட்டேன்.

எல்லோருக்கும் நன்றி. ஆனால் நான் முதல் பதிவில் கடைசியாகக் கேட்டதை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்! அந்த வாடை?

#18 லேப்காரி | வியாழன், இரவு 10:30

உண்மை, மன்னியுங்கள். 30,000 ரூபாய்ச் சோதனையைப் பற்றி மூன்று நாள் பேசிவிட்டு முன்னால் உட்கார்ந்திருக்கிற ஆளை விட்டுவிட்டோம்.

நீங்கள் சொல்வது, தண்ணியாகச் சாம்பல் வெள்ளை, சேர்ந்த பிறகு வாடை, இது பாக்டீரியல் வஜைனோசிஸ் மாதிரிதான் கேட்கிறது. பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. சேர்ந்த பிறகு வாடை வருவதற்குக் காரணம் இருக்கிறது: விந்து காரத்தன்மை உள்ளது, 7.2-க்கு மேல். அது படும்போது இந்தக் கிருமிகள் உண்டாக்கிய அமின்கள் ஆவியாகக் கிளம்பும். கெட்ட மீன் வாடை அடிக்கும். இதே தந்திரத்தைத்தான் டாக்டர் ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டுச் செய்வார்.

இதைக் கண்டுபிடிக்க டிஎன்ஏ எதுவும் வேண்டாம். 1983-லிருந்து இருக்கும் முறை: அந்த வெள்ளை, பிஎச் பட்டையில் 4.5-க்கு மேல், அந்த வாடைச் சோதனை, மைக்ரோஸ்கோப்பில் க்ளூ செல். நாலில் மூன்று இருந்தால் போதும். க்ளூ செல்லை ஒரு தடவை பார்த்தால் மறக்காது. சாதாரணமாக ஓரம் தெளிவாக இருக்கும் செல், மேலே மிளகுத் தூளைக் கொட்டின மாதிரி விளிம்பே தெரியாமல் இருக்கும். இந்த முறை வேண்டாம் என்றால் ஸ்லைடில் தடவிச் சாயமேற்றிய கிராம் ஸ்மியர் எடுத்து, எந்தக் கிருமி எவ்வளவு என்று பார்த்து நியூஜெண்ட் ஸ்கோர் போடுவோம். 0 முதல் 3 நல்லது, 4 முதல் 6 நடுவில், 7-உம் அதற்கு மேலும் தொற்று. நாங்கள் சில நூறு ரூபாய்க்குள் செய்கிறோம்.

டென்மார்க் ஆய்வைப் படித்துவிட்டு இதற்கும் மருந்து வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். அது கரு தங்கும் விகிதம் கூடுமா என்ற கேள்வி. உங்களுக்குத் தொந்தரவு இருக்கிறது, அது தனியாகவே மருந்து எடுக்கப் போதுமான காரணம். கர்ப்பத்தில் இந்தத் தொற்று இருப்பவர்களுக்குக் குறைமாதப் பிரசவம் அதிகம் என்பதும் பல காலமாகத் தெரிந்தது. கூச்சத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் ஒரு நாளைக்கு இருபது பேரிடம் இதைக் கேட்பவர்.

#19 விருந்தினர் | வெள்ளி, காலை 9:00

[சுத்தம் பற்றிப் பெண்களுக்கு அறிவுரை. மட்டுறுத்துநரால் நீக்கப்பட்டது. இந்தத் தொற்று அழுக்கால் வருவதில்லை. அடிக்கடி உள்ளே கழுவுபவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது.]

#20 பாஸ்கர்_எஸ் | வெள்ளி, காலை 11:20

மட்டுறுத்துநருக்கு நன்றி. இதில் ஆண்கள் பங்கு பற்றி யாருமே எழுதவில்லையே என்று நேற்று ராத்திரி உட்கார்ந்து தேடினேன். 2025-இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒன்று வந்திருக்கிறது. ஒருவருக்கு ஒருவர் மட்டும் என்று இருக்கும் 164 ஜோடிகள். பெண்களுக்கு எல்லோருக்கும் வழக்கமான மருந்து. பாதிப் பேரின் ஆண்களுக்கும் 7 நாள் மெட்ரோனிடசோல் மாத்திரை, கூடவே ஆணுறுப்பின் தோலில் தடவ கிளிண்டமைசின் க்ரீம். 12 வாரத்துக்குள் திரும்ப வந்தது: ஆணும் மருந்து எடுத்த வீட்டில் 35 சதவீதம், எடுக்காத வீட்டில் 63. வித்தியாசம் இவ்வளவு தெளிவாக வந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்களாம்.

என் மனைவிக்கு மூன்று வருடத்தில் நாலு தடவை இது வந்திருக்கிறது. நாலு தடவையும் அவள் மட்டும் மாத்திரை போட்டாள். நாலு தடவையும் நான் டாக்டர் அறைக்கு வெளியே போன் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை உள்ளே கூப்பிடவில்லை, நானாகவும் போகவில்லை.

#21 வதனி_டென்மார்க் | வெள்ளி, மாலை 6:40

நல்ல விசயம் தம்பி. ஒரு சின்னக் குறிப்பு: அந்த க்ரீமில் எண்ணெய் இருக்கும், ஆணுறையின் ரப்பரைப் பலவீனமாக்கும். மருந்து எடுக்கிற காலத்தில் ஒன்றாகச் சேராமல் இருக்கிறதுதான் நல்லது.

#22 மதுரை_மல்லி | 12 நாள் கழித்து, இரவு 9:15

வந்துவிட்டேன். டாக்டரிடம் சொல்லிவிட்டேன். சொல்ல எனக்கு இரண்டு நிமிடம் ஆயிற்று, அவர் "இத ஏன்மா ஒரு வருஷமா சொல்லல" என்று கேட்டார், அவ்வளவுதான். பட்டையை வைத்துப் பார்த்தார், மஞ்சளாக இருந்தது பச்சையாகப் போயிற்று. ஸ்மியரில் நியூஜெண்ட் 8. செலவு 450 ரூபாய்.

பாஸ்கர் அண்ணன் எழுதியதைச் சொல்லி இவருக்கும் மருந்து வேண்டும் என்று கேட்டேன். டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டு இருவருக்கும் எழுதினார். ரேவதி அக்கா சொன்ன கேள்வியையும் அப்படியே கேட்டேன்: அந்தப் பெரிய சோதனையில் 90-க்குக் கீழே வந்தால் என்ன கொடுப்பீர்கள்? "இதே மருந்துதான்" என்றார். "அப்ப அது வேண்டாம் டாக்டர்" என்றேன். சிரித்துவிட்டார். அந்தக் கவுன்சிலிங் பெண்தான் பிறகு என் முகத்தையே பார்க்கவில்லை.

மூன்றாவது டிரான்ஸ்ஃபர் அடுத்த மாதம். லேப்காரி அக்கா, ஒரு சந்தேகம். புரோஜெஸ்டிரோன் மாத்திரையைக் காலை இரவு உள்ளே வைக்கும்போது வெள்ளையாகக் கரைந்து வருமே, அதற்கும் தொற்றுக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிப்பது?

#23 லேப்காரி | அதே நாள், இரவு 9:50

ரொம்ப சந்தோஷம் மல்லி. மாத்திரைக் கரைசல் மாவு மாதிரி, கட்டியாகவோ மெழுகாகவோ வரும், வாடை இருக்காது. வாடை, அரிப்பு, எரிச்சல் இதில் ஏதாவது வந்தால் கேளுங்கள். அதற்காக உள்ளே கழுவ வேண்டாம், வெளியே தண்ணீர் போதும்.

#24 கோவை_நந்தினி | அதே நாள், இரவு 10:02

டிரான்ஸ்ஃபர் தேதி சொல்லுங்கள் மல்லி. விளக்கு ஒன்று நான் போடுகிறேன். முரளி சார் சிரிக்கக் கூடாது.

#25 முரளி_எம்ப்ரியோ | அதே நாள், இரவு 10:20

சிரிக்கவில்லை மேடம். எங்கள் லேப் வாசலிலேயே பிள்ளையார் இருக்கிறார்.

#26 மதுரை_மல்லி | அதே நாள், இரவு 10:48

19-ஆம் தேதி வாக்கில் இருக்கும் நந்தினி அக்கா. இன்று ஐந்தாம் நாள் மருந்து. இவர் தன் க்ரீமை ஃப்ரிட்ஜில் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மாமியார் எடுத்துப் பார்த்து இது என்ன என்று கேட்டதற்கு "சேத்துப்புண்ணுக்கு" என்று சொல்லிவிட்டாராம். இப்போது மாமியார் தன் காலுக்கும் கொஞ்சம் கேட்கிறார்.

#27 லேப்காரி | அதே நாள், இரவு 10:55

கொடுத்துவிடாதீர்கள். ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம், அலமாரியில் வைத்தால் போதும். மாமியார் கை எட்டாத தட்டில்.